ஸ்கூட்டிக்கு டயர் மாற்றும்போது வால்வையும் கேட்டு மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். மே மாதத்து மழை தொடங்கியதும் கொழும்பில் டயர் கடை வாசல்களில் ஸ்கூட்டிகள் வரிசைகட்டி நிற்கும். வருகிறவர்களில் அனேகர் கேட்பது ஒரே கேள்வி: "நல்ல டயர் ஒண்டு என்ன விலை?" எந்த அளவு, எந்த வருடம் செய்தது, வால்வு மாற்றுவீர்களா, ரிம்மைச் சுரண்டித் துப்புரவாக்குவீர்களா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. புது டயர் போட்டு இரண்டு கிழமைக்குள் "காத்து நிக்குதில்ல" என்று அதே வண்டி திரும்பி வந்தால் பழி டயரின் மேல் விழுகிறது. குற்றம் பெரும்பாலும் டயரில் இருப்பதில்லை. பழைய வால்வும் துருப்பிடித்த ரிம் விளிம்பும்தான் காற்றை விடுகின்றன. இதை உங்கள் வாசகர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

முதலில் எப்போது மாற்றுவது என்பது. டயரின் பக்கச் சுவரில், தேய்மானக் குறியைக் காட்டும் சிறு முக்கோணமோ எழுத்தோ இருக்கும். அதற்கு நேரே பூவின், அதாவது வீதியில் படும் ரப்பரில் வெட்டியிருக்கும் கோலத்தின், பள்ளத்துக்குள் பார்த்தால் ரப்பர் சிறு மேடாகத் தெரியும். பூ தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. இது பலருக்குத் தெரியும். தெரியாதது வயது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் திறக்கப்பட்டது. ஆகவே கொழும்பு வீதிகளில் ஓடும் ஸ்கூட்டிகளில் பெரும்பகுதி 2020க்கு முந்தியவை. அவற்றின் பின் டயர் இதற்குள் ஒன்றிரண்டு முறை மாறியிருக்கும். முன் டயர் மெதுவாகத் தேய்வதால், கம்பனியில் போட்டு வந்த அதே டயர் இன்னும் பல வண்டிகளில் கிடக்கிறது. பூ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நகத்தால் அழுத்திப் பாருங்கள்: நல்ல ரப்பரில் நகம் சற்று இறங்கி, எடுத்ததும் தடம் மறையும், கெட்டித்த ரப்பரில் இறங்கவே இறங்காது. பள்ளங்களின் அடியிலும் ரிம்மை ஒட்டிய பக்கச் சுவரிலும் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரியும். அப்படிப்பட்ட டயர் காய்ந்த வீதியில் ஒன்றும் காட்டிக்கொடுக்காது. காலி நகருக்குப் போகும் காலி வீதியில் முதல் மழைத் தூறலில், பஸ் சிந்திய ஓயிலும் தண்ணீரும் கலந்த இடத்தில், மஞ்சள் கடவையின் பெயின்டின் மேல் பிரேக் பிடிக்கும்போதுதான் முன் சக்கரம் வழுக்கும். பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க ஒரு கணமாவது கிடைக்கும். முன் சக்கரம் வழுக்கினால் அந்தக் கணமும் கிடையாது.

டயரின் வயதை அறிய ஊகம் தேவையில்லை. பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. இது சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். காணவில்லை என்றால் மறுபக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடா வருடம் வெளிச்சத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். வெடிப்பு கண்டால் பூவைப் பார்த்து மனம் இரங்காமல் மாற்றிவிட வேண்டும். புதிதாக வாங்கும்போதும் இதே இலக்கத்தைப் பாருங்கள். கடையின் மேல் தட்டில் வெயில் பட்டுக் கிடந்த நான்கு வருடத்து டயரும் புது டயர் விலைக்கே போகும்.

அடுத்தது அளவு. பழைய டியோ, ஸ்கூட்டி பெப் போன்றவற்றில் 90/100-10 என்று இருக்கும். 90 என்பது அகலம், மில்லிமீற்றரில். 100 என்பது அந்த அகலத்துக்குச் சுவரின் உயரம் நூற்றுக்கு எத்தனை என்பது. இங்கே உயரமும் 90 மில்லிமீற்றர்தான். 10 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பின்னால் 53ஜே என்று வந்தால், 53 என்ற சுமைக்குறி டயர் தாங்கும் பாரம் 206 கிலோ என்பதையும் ஜே என்ற எழுத்து அது தாங்கும் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர் என்பதையும் குறிக்கும். பழைய அங்குலக் கணக்கில் 3.50-10 என்பதே இதற்கு இணை. விலை குறைவு என்று 3.00-10 ஐக் கையில் தருவார்கள்; அது மெலிந்த டயர், சுமக்கும் பாரமும் குறைவு. எங்கள் ஊரில் ஒரு ஸ்கூட்டியில் கணவன், மனைவி, நடுவில் பிள்ளை, முன்னால் சாமான் பை என்று போவதைப் பார்க்கிறோம். அந்தப் பாரத்தில் பெரும்பங்கு, இயந்திரத்தின் எடையோடு சேர்ந்து, பின் டயரின் மேல்தான் இறங்குகிறது. சுமைக்குறி குறைந்த டயரைப் பின்னால் போடவே கூடாது.

எல்லா ஸ்கூட்டிக்கும் ஒரே அளவு என்று நினைக்கவும் வேண்டாம். என்டோர்க்கில் முன்னுக்கு 100/80-12, பின்னுக்கு 110/80-12. வீகோவில் இரண்டும் 90/90-12. பிந்திய டியோ மாதிரிகளில் முன் சக்கரம் 12 அங்குலம், பின் சக்கரம் 10. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஆளை அனுப்பி டயர் எடுப்பிப்பவர்கள் வண்டியின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பாமல், பழைய டயரின் எழுத்துகளைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் ஒரு நடை மிச்சம். அதிலும் ஒரு எச்சரிக்கை: வண்டியில் இருக்கும் டயர் முந்திய சொந்தக்காரர் போட்ட பிழையான அளவாகவும் இருக்கலாம். கைநூலிலோ, வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ உள்ள அளவோடு ஒத்துப்பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

அகலத்தைக் கூட்டிப் போடலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 90/100-10 க்குப் பதில் 100/90-10 போட்டால் உயரம் மாறாது. இரண்டிலும் மொத்த விட்டம் 434 மில்லிமீற்றர்தான். அகலம் மட்டும் பக்கத்துக்கு 5 மில்லிமீற்றர் கூடும். அந்த 5 மில்லிமீற்றர் சைலன்சர் பக்கமும் இயந்திர மூடிப் பக்கமும் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றி விரலை விட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பாரம் ஏறும்போதும் பள்ளத்தில் விழும்போதும் இடைவெளி மேலும் குறையும். 90/90-10 போட்டால் விட்டம் 416 ஆகச் சுருங்கும். அந்தச் சக்கரத்திலிருந்து மீற்றர் கேபிள் போகும் வண்டியில், மீற்றர் 1000 கிலோமீற்றர் காட்டும்போது வண்டி உண்மையில் ஓடியிருப்பது 960க்கும் குறைவு. வண்டியும் தாழும், நடு ஸ்டாண்ட் மேடுகளில் இடிக்கும். கம்பனி சொன்ன அளவை விட்டு விலகாமல் இருப்பதே எங்கள் புத்திமதி.

முன்னும் பின்னும் ஒரே அளவுள்ள வண்டிகளில் இன்னொரு கெட்ட வழக்கம் உண்டு. பின் டயர் தேய்ந்ததும் அதைக் கழற்றி முன்னுக்குப் போட்டு, புதியதைப் பின்னுக்குப் போடுவது. பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும். அதை முன்னுக்குப் போட்டால் வளைவில் சாய்க்கும்போது தட்டையின் விளிம்பில் ஏறி ஹேண்டில் சட்டென்று திரும்பும். வீதியைப் பிடிக்கவேண்டிய முன் சக்கரத்துக்கு மோசமான டயர் போய்ச்சேருகிறது. காசு ஒரு டயருக்குத்தான் இருக்கிறது என்றால் தேய்ந்ததை மட்டும் மாற்றுங்கள், இடம் மாற்றாதீர்கள். பூவை மீண்டும் வெட்டிப் பள்ளமாக்கிய டயர்களையும் தொடவேண்டாம். லொறி டயர்களில் சில, வெட்டுவதற்கென்றே தடித்த அடி ரப்பரோடு செய்யப்பட்டு, அப்படி முத்திரையும் பதித்து வருகின்றன. ஸ்கூட்டி டயரில் அந்தத் தடிப்பு இல்லை. வெட்டுக்கத்தி நேரே டயருக்குள் இருக்கும் நூலுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

இனி வால்வு. உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் ரிம்மில் நிற்பது கட்டை ரப்பர் வால்வு, ஒரு விரல் மொழி அளவு. அதை ஒரு விரலால் பக்கவாட்டில் சாய்த்து, ரிம் ஓட்டையிலிருந்து வெளியே வரும் அடியைப் பாருங்கள். நல்ல வால்வு கறுப்பாக மினுங்கி வளையும். பழையதில் அடியைச் சுற்றி வளையமாக வெடிப்பு விரிந்து, உள்ளே மங்கிய சாம்பல் நிறம் தெரியும். ஒவ்வொரு முறை காற்றடிக்கும்போதும் குழாய்த் தலையை அழுத்தி இழுப்பதால் வெடிப்பது இந்த இடம்தான். அது மெதுவாகக் கசிந்தால் காற்றழுத்தம் நாளுக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறையும். ஓடும்போது முறிந்தால் ஒரே மூச்சில் சக்கரம் காலியாகும். டயரோடு ஒப்பிட்டால் வால்வின் விலை ஒன்றுமில்லை. ஆனால் அதை மாற்ற டயரின் ஒரு பக்கத்தையாவது ரிம்மிலிருந்து கழற்ற வேண்டும். அதனால்தான் டயர் மாற்றும் நாளிலேயே அதையும் மாற்றச் சொல்கிறோம். ரிம் ஓட்டை பெரும்பாலும் 11 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும்; அதற்கான வால்வை டிஆர் 412 என்று கேட்டு வாங்கலாம். 413 என்பது காருக்குரிய நீள வால்வு, ஓட்டையில் பொருந்தும் என்றாலும் சிறு சக்கரத்தில் வெளியே நீண்டு நின்று அடிபடும். சில ரிம்களில் ஓட்டை 8 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். அதற்கு வேறு வால்வு. ஆகவே ஓட்டையைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

ரிம் விளிம்பைப் பற்றி வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக்காரர்கள் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். மரைன் டிரைவ் ஓரத்தில் இரவு பகலாக நிற்கும் வண்டியின் இரும்பு ரிம்மைக் கடல் காற்று தின்கிறது. டயர் உட்காரும் வளையத்தில் பெயின்ட் பொருமி, அடியில் துரு செதில் செதிலாகக் கிளம்பும். அந்தச் செதிலின் மேல் புது டயரை ஏற்றினால், ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவில் காற்றுக்கு வழி விட்டதாகிறது. டயரைக் கழற்றியதும் கம்பித் தூரிகையால் தேய்த்து, பிறகு 120ஆம் இலக்க உப்புத்தாளால் வழவழப்பாக்கி, துணியால் துடைத்து, விரலை முழுச்சுற்றும் ஓட்டிப் பார்க்க வேண்டும். விரலில் தட்டுப்படும் எதுவும் காற்றுக்கு வழி விடும். துரு தின்று குழி விழுந்துவிட்டாலோ, விளிம்பு நெளிந்துவிட்டாலோ ரிம்மை மாற்றுவதே வழி. இந்த இடத்தில் சில கடைகள் "டியூப் ஒண்டு போட்டு விடுறன்" என்று சுலபமாக முடித்துவிடுகின்றன. அதற்கு இணங்கவேண்டாம். டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால் ரப்பர் ஆணியைப் பற்றிக்கொள்ளும், காற்று மெல்லத்தான் போகும். உள்ளே டியூப் இருந்தால் அது கிழிந்து, வால்வு ஓட்டை வழியாகக் காற்று ஒரேயடியாக வெளியேறும். உள் டயரின் சொரசொரப்பில் டியூப் உரசிச் சூடேறுவதும் உண்டு. பாதுகாப்புக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய குணத்தை இப்படி நாமே அழித்துவிடுகிறோம்.

மாற்றும் வேலையையும் சொல்லவேண்டும்; வீட்டில் செய்பவர்களுக்காக மட்டுமல்ல, கடையில் பக்கத்தில் நின்று பார்ப்பவர்களுக்காகவும்.

பின் சக்கரத்துக்கு முதலில் சைலன்சர் ஆறியிருக்க வேண்டும். டியோ போன்ற வண்டிகளில் சைலன்சரைக் கழற்றாமல் சக்கரம் வெளியே வராது. அதைக் கழற்றினால் இயந்திர வாயிலுள்ள வளைய கெஸ்கட்டைப் புதிதாகப் போடுங்கள். பழையதையே நசுக்கிப் போட்டால் அடுத்த நாள் புகை கசிந்து பட்பட் என்று வெடிக்கும். பின் பிரேக்கை ஒருவர் பிடித்திருக்க மற்றவர் அச்சு நட்டைத் தளர்த்த வேண்டும். சக்கரத்தை இழுத்ததும் பிரேக் கட்டைகள் கண்ணுக்கு முன்னால் இருக்கும். தடிப்பு பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. தூசியைக் காற்றுக் குழாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். அது மூச்சோடு உள்ளே போகக்கூடாத தூசி. முன் சக்கரத்தில் கவனிக்கவேண்டியது இரண்டு. மீற்றர் கேபிளின் பல்சக்கரம் தன் பள்ளத்தில் உட்கார வேண்டும். டிரம் பிரேக் வண்டியாக இருந்தால், பிரேக் தட்டிலுள்ள வெட்டுப் பள்ளம் அதற்குரிய முனையில் பூட்டிக்கொண்டதா என்று கண்ணால் பார்த்தே அச்சை முறுக்க வேண்டும். அது பூட்டாமல் வண்டியை ஓட்டிப் பிரேக் பிடித்தால் தட்டும் சக்கரத்தோடு சுழன்று சக்கரம் இறுகிப்போகும்.

டயரைக் கழற்றுவதில் பலம் அல்ல, இடம்தான் முக்கியம். வால்வின் உள் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதும் விட்ட பிறகு, ரிம்மை ஒட்டினாற்போல் அழுத்தி இரு பக்கமும் விளிம்பை இறக்க வேண்டும். பழைய வெஸ்பா போன்ற வண்டிகளில் ரிம் இரு துண்டாக நட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும்; அவற்றில் காற்று முழுதும் போகுமுன் ஒரு நட்டையும் தொடக்கூடாது. ஒற்றை ரிம்மில், டயரை நெம்பும் லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே டயர் விளிம்பை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறக்கி வையுங்கள். அங்கே கிடைக்கும் தளர்வுதான் இங்கே டயரை மேலே வரவிடும். அதைச் செய்யாமல் லீவரில் தொங்கினால் விளிம்புக்குள் இருக்கும் கம்பி நீண்டோ அறுந்தோ புது டயரே வீணாகும். 10 அங்குல டயர் சிறியதும் விறைப்பானதும் என்பதால் இந்தத் தவறு அதில் அடிக்கடி நடக்கிறது. ஒரு முறைக்கு மூன்று நான்கு சென்ரிமீற்றருக்கு மேல் லீவரால் ஏற்ற வேண்டாம்.

ஏற்றும்போது பூசவேண்டியது டயர் பேஸ்ட், இல்லாவிட்டால் கெட்டியான சவர்க்காரத் தண்ணீர். ஓயில், கிறீஸ், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. அவை ரப்பரைப் பொருமச் செய்யும், பிறகு டயர் ரிம்மில் வழுக்கும். டயரில் அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கி உருளும் திசை. சில டயர்களில் முன்னுக்கு ஒரு திசை, பின்னுக்கு எதிர்த்திசை என்று இரண்டு அம்புகள் இருக்கும். முன் டயரை அதிகம் இழுப்பது பிரேக், பின் டயரை அதிகம் இழுப்பது இயந்திரம் என்பதே அதற்குக் காரணம். மஞ்சள் புள்ளி இருந்தால் அதை வால்வுக்கு நேரே வையுங்கள். டயரின் எடை குறைந்த இடம் அது.

காற்றடிக்கும்போது வால்வு ஊசி இல்லாமல் வேகமாக அடித்தால் இரு விளிம்பும் டப், டப் என்று இரண்டு சத்தத்தோடு உட்காரும். அப்போது விரல்கள் அருகில் இருக்கக்கூடாது. 40 பிஎஸ்ஐ வரையும் உட்காரவில்லையென்றால் மேலும் ஏற்றாமல், காற்றை விட்டு, மீண்டும் சவர்க்காரம் பூசித் தொடங்குங்கள். காற்றைப் பிடிக்கவே மறுத்தால் டயரின் நடுவில் கயிறு சுற்றிக் கம்பியால் முறுக்கினால் விளிம்புகள் ரிம்மோடு ஒட்டும். பெற்றோலோ ஸ்பிரேயோ அடித்துத் தீ வைத்து உட்காரவைக்கும் வீடியோக்களைப் பார்த்துச் செய்யவேண்டாம் என்று பெடியன்களைக் கெஞ்சிக் கேட்கிறோம். அது வெடிக்கும்.

உட்கார்ந்த பிறகு, ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிகிறதா என்று இரு பக்கமும் பாருங்கள். ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்தால் அங்கே டயர் ஏறவில்லை. ஓடும்போது வண்டி குதிக்கும். வால்விலும் இரு விளிம்பிலும் சவர்க்காரத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா பார்த்த பிறகே சக்கரத்தைப் பூட்ட வேண்டும். பின் அச்சு நட்டைப் பல ஸ்கூட்டிகளில் 100 நியூட்டன் மீற்றரை ஒட்டியோ தாண்டியோ முறுக்கவேண்டும். கைநூலில் உள்ள எண்ணைப் பார்த்து முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பேனரால் முறுக்குவதே முறை. டிரம் பிரேக் லீவரின் தளர்வு டியோ வகை வண்டிகளில் 10 முதல் 20 மில்லிமீற்றருக்குள் நிற்கட்டும். புது டயரின் மேல் வழுவழுப்பு போகும்வரை, ஏறக்குறைய 150 கிலோமீற்றர், மழையில் சாய்த்துத் திருப்பாமல் நிதானமாக ஓட்டுங்கள்.

கடைசியாகக் காற்று. 90/100-10 போட்ட டியோவுக்கு முன் 22 பிஎஸ்ஐ, பின் தனியாகப் போனால் 29, பின்னால் ஆள் இருந்தால் 36. காலையில் டயர் சூடேறுமுன் பார்க்கும் அளவு இது. மதிய வெயிலில் ஓடி வந்து பார்த்தால் சற்றுக் கூடத்தான் காட்டும், அதை இறக்கவேண்டாம். முன்னுக்கும் பின்னுக்கும் கண்மதிப்பாக 40 அடித்துவிடுவதால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, மழையில் பிடிப்பும் குறைகிறது.

இதில் பொதுமக்களால் செய்யமுடியாத இரண்டு காரியங்கள் உண்டு. அதற்காகவே உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறோம். விற்கும் டயரின் அளவையும் அந்த நான்கு இலக்கத் திகதியையும் பில்லில் எழுதவேண்டும் என்று பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை கடைகளைப் பணிக்க வேண்டும். பெற்றோல் ஷெட்களில் எரிபொருள் பம்பியின் அளவைச் சோதிப்பதுபோல், அதன் பக்கத்தில் தொங்கும் காற்றுமானியையும் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் சோதித்துத் திகதியிட்ட முத்திரை ஒட்ட வேண்டும். இரண்டு ஷெட்களில் ஒரே டயரைப் பார்த்தால் இரண்டு அளவு காட்டும் நிலையில், 22 என்றும் 29 என்றும் நாங்கள் சொல்வதை வண்டிக்காரர் எதை வைத்துச் சரிபார்ப்பார்?

இங்ஙனம்,
ஸ்கூட்டி டயர் வேலை செய்வோர் சிலர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.